லென்ஸ் மாற்றும் நேரம்

மதுரை,
வைகாசி முதல் வாரம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் மகள் படிப்பை முடித்த கையோடு உன் ஸ்டுடியோவிலேயே இறங்கிவிட்டாள் என்றும், வருகிற ஆனி முகூர்த்தங்களுக்குத் தனியாகவே படமெடுக்கப் போகப்போகிறாள் என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, அவள் சிறுமியாக உன் டார்க்ரூம் வாசலில் உட்கார்ந்து காலி ஃபிலிம் டப்பாக்களை அடுக்கி விளையாடியது கண்முன் வந்தது. அவளுக்காகக் கேனன் 5டி மார்க் 3 கேமரா ஒன்றும், கூடவே பரந்த காட்சிக்கு 24-70, தொலைவுக்கு 70-200, முகங்களுக்கு 85 என மூன்று லென்ஸ்களும் பழையதாக வாங்கிக் கொடுத்திருக்கிறாய். நல்ல தேர்வு. ஒரே பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), மூன்று லென்ஸ், நெரிசலான மணமேடை என்ற நிலையில் அவள் எப்படிச் சமாளிப்பாள் என்று நீ கேட்டிருக்கிறாய். இதைப் பற்றி நான் பல வருடங்களாக யோசித்து வருகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உன்னிடம் ஓர் எச்சரிக்கை. அவளுக்கு நீயே கற்றுக்கொடுக்க உட்காராதே, அல்லது உட்காருமுன் உன் கையைக் கவனி. நீ எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமராவின் காலத்திலிருந்து நிக்கானிலேயே பழகியவன். கேமராவின் முகத்தைப் பார்த்தபடி நின்றால் நிக்கானில் லென்ஸை இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகிப் பூட்டுகிறோம். கேனனில் அதுவே வலப்பக்கம். பகல் வெளிச்சத்தில், மேசையருகே, இது ஒரு பொருட்டே இல்லை. அவசரத்தில் கை தன் பழைய வழக்கத்துக்குத்தான் போகும். பூட்ட வேண்டியதைக் கழற்றும் பக்கமாகத் திருகி, "உட்காரமாட்டேன் என்கிறதே" என்று அழுத்தத் தொடங்கும். அவள் கை ஒரே திசையில் மட்டும் பழகட்டும்.

நாம் ஜெனிட் என்ற ரஷ்ய ஃபிலிம் கேமராவில் தொழில் பழகிய நாள்களை நினைத்துப் பார். லென்ஸை மாட்ட 42 மில்லிமீட்டர் மரை. 58 லென்ஸைக் கழற்றி 135-ஐ மாட்டுவதற்குள் சுற்றிச் சுற்றி விரல் வலிக்கும், மரை ஒருமுறை கோணலாக ஏறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் நாம் முன்கூட்டியே யோசித்தோம், எந்த இடத்தில் எந்த லென்ஸ் என்று கல்யாணத்துக்கு முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். இன்று கால்வட்டம்கூடத் திருகாமல் லென்ஸ் பூட்டிக்கொள்கிறது. அந்த எளிமையே இளைஞர்களை ஏமாற்றுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது: எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பில், மாற்றவே கூடாத நேரத்தில் கேமராவின் வாயைத் திறக்கிறார்கள்.

நானும் அப்படித் திறந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு மண்டபத்தில் நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை. கூறைப்புடவை உடுத்திக்கொண்டு பெண் நடந்து வருவதை எடுப்பதற்காக 70-200 மாட்டியிருந்தேன். தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அது திரும்பி வர இன்னும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, மேடைக்குக் கீழேயே நின்றுவிட்டேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்த, தட்டு பாதியிலேயே மேடைக்குத் திரும்பியது. நான் மேலே ஏறி வந்தபோது மணமக்களுக்கும் எனக்கும் இடையே ஆறடிகூட இல்லை, 70-200-இல் பெண்ணின் நெற்றிச்சுட்டியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. மாற்றியே ஆகவேண்டும் என்று பொத்தானை அழுத்தி லென்ஸைக் கழற்றிய அதே நொடியில் ஐயர் கை உயர்த்தினார், கெட்டி மேளம் முழங்கியது, நாலா பக்கத்திலிருந்தும் அட்சதை கொட்டியது. 24-70-ஐப் பூட்டிக் கண்ணில் வைத்தபோது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டு முடித்திருந்தார். எனக்குக் கிடைத்தது நாத்தனார் போட்ட முடிச்சுதான்.

அன்று இரவு வீட்டில் கேமராவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் எழுந்து இறங்கும் கண்ணாடிக்குக் கீழே, பக்கச் சுவரை ஒட்டி, மஞ்சள் தடவிய அரைக் குருணை அரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது கண்ணாடியின் அசைவில் சிக்கியிருந்தால் அன்றைய முகூர்த்தத்தில் எனக்கு ஒரு படம்கூடக் கிடைத்திருக்காது. பெண்ணின் தகப்பனாரிடம் நடந்ததை நேராகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதனால் உன் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: லென்ஸ் மாற்றும் நேரத்தைச் சடங்கின் வரிசைக்குள் தேடி வைத்துக்கொள்ளச் சொல். நம் கல்யாணங்களில் அதற்கான இடைவெளிகள் தாமாகவே இருக்கின்றன. கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பெண் உடுத்தப் போகும் நேரம் மிக நீண்ட இடைவெளி; அப்போது நிதானமாக ஓர் ஓரத்துக்குப் போய் 70-200-ஐ மாட்டி, அவள் திரும்பி வரும் வழியைப் பார்த்து நிற்கலாம். அவள் மணவறையில் அமர்ந்ததும், தாலித் தட்டு கீழே இறங்குவதற்கு முன்பே, 24-70 பாடியில் இருக்க வேண்டும். தட்டின் மேல் படியும் முதியவர்களின் கைகளை 85-இல் எடுத்தால் அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது பாடி இல்லாதவர் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். தட்டு கிளம்பியது முதல், மூன்றாவது முடிச்சு விழுந்து, அட்சதை ஓய்ந்து, மாலை மாற்றி முடியும் வரை கேமராவைத் திறக்கவே கூடாது. அதற்குப் பின் மெட்டி போடுவது, அம்மி மிதிப்பது, அக்கினியை வலம் வருவது எல்லாவற்றையும் 24-70 தாங்கும். எல்லாரும் பந்திக்குக் கலைந்து, பெண் தன் தாயாரோடு ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்காரும்போது 85-ஐ எடுக்கட்டும். அந்த லென்ஸுக்கு உரிய முகங்கள் அப்போதுதான் வரும். உங்கள் பக்கத்துச் சடங்குகளில் வரிசை சற்று மாறலாம். முதல் நாள் மாலையே பெண் வீட்டில் யாராவது ஒரு அத்தையைப் பிடித்து, எதற்குப் பின் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல். மண்டபத்தில் அந்த அத்தைக்குத் தெரியாதது எதுவும் நடக்காது.

இனி கைவேலைக்கு வருகிறேன். முதுகுப்பையை மேடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அது திறப்பதற்குள் தருணம் போய்விடும், கீழே வைத்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். இடுப்பு பெல்ட்டில் மூன்று பவுச். லென்ஸ் மூன்று என்றாலும் ஒன்று எப்போதும் பாடியில் இருப்பதால், ஒரு பவுச் எப்போதும் காலியாக இருக்கும். அந்தக் காலிப் பவுச்தான் முக்கியமானது. பலரும் புதிய லென்ஸை முதலில் கையில் எடுத்துவிட்டு, கழற்றிய லென்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டையும் ஒரே கையில் இடுக்கிக்கொண்டு தடுமாறுகிறார்கள். ஒன்றரை கிலோ எடையுள்ள 70-200-ஐ அப்படி இடுக்க முடியாது. கழற்றியது முதலில் காலிப் பவுச்சுக்குள் போகட்டும், முன்பக்க மறைப்பு வளையமான ஹூட் கீழே, பின்பக்கம் மேலே. அடுத்த பவுச்சில் இருக்கும் லென்ஸின் பின்மூடியை முன்னதாகவே தளர்த்தி, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும்படி வைத்திருந்தால், அதை எடுத்த கையோடு கழற்றிய லென்ஸின் மேல் வைத்துவிட்டுப் புதியதைப் பூட்டலாம். முன்பக்க மூடி மண்டபத்துக்குள் வரவே வேண்டாம். ஹூட்டும் ஒரு நல்ல ஃபில்டரும் போதும். இவ்வளவும் நடக்கும்போது கேமரா கழுத்து வாரில் தொங்கிக்கொண்டு, திறந்த வாய் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கத்தில் ஹோமம் புகைகிறது என்றால், வேட்டி மடிப்பிலிருந்து விபூதி பறக்கிறது என்றால், நாலு அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்று மாற்றட்டும்.

இருட்டில் லென்ஸிலும் கேமராவிலும் உள்ள சிவப்புப் புள்ளிகளை நேராகப் பொருத்துவது இன்னொரு சங்கடம். வரவேற்பு மேடையில் வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டால் சிவப்புப் புள்ளி தெரியாது. அவளிடம் இருக்கும் லென்ஸ்களில் அந்தச் சிவப்புப் புள்ளி சிறு பொட்டுபோல மேடாகப் புடைத்திருக்கும். கட்டைவிரலால் தடவினாலே தெரியும். பவுச்சுக்குள் வைக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டு தன் வயிற்றைப் பார்த்திருக்கும்படி வைக்கப் பழகினால், எடுக்கும்போது விரல் தானாக அதன் மேல் போய் நிற்கும். பூட்டும்போது கழற்றும் பொத்தானின் மேல் விரல் இருக்கவே கூடாது. 'டக்' என்ற ஓசை கேட்க வேண்டும், மேளச் சத்தத்தில் கேட்காவிட்டால் லென்ஸைச் சற்றே பின்னோக்கித் திருகிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதில் தவறி என் முதல் 85 லென்ஸை மேடையின் கருங்கல் படியில் போட்டேன். திரையில் எர்ர் 01 என்று வந்தால் பதற வேண்டாம், லென்ஸின் தங்கநிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மறுபடி பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரலால் அவற்றைத் தொடாமலிருப்பது அதைவிட நல்லது.

படம் பதியும் சென்சாரில் படியும் தூசியைப் பற்றி அவள் மண்டபத்துக்குள் கவலைப்படமாட்டாள், ஏனென்றால் லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 2.8-இல் எடுக்கையில் அது தெரியாது. மறுநாள் மணமக்களை வெளியே அழைத்துப் போய், வானத்தைப் பின்னணியாக வைத்து, துளையைச் சுருக்கி எஃப் 11 அல்லது 16-இல் எடுக்கும்போதுதான் ஒவ்வொரு படத்திலும் அதே மூலையில் அதே கரும்புள்ளி நிற்கும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியின் இரவும் வெற்றுச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கைப்பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்யட்டும். வாயால் ஊத வேண்டாம். கண்ணாடியில்லாத கேமராக்களில் சென்சார் வாசலுக்கு மிக அருகில் இருக்கிறது. பழைய கேனன் மவுன்ட்டில் (லென்ஸ் பூட்டும் வளையத்தில்) 44 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி புதியதில் 20. அப்படிக் கண்ணாடியில்லாத கேனன் ஈஓஎஸ் ஆர் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்கிறது, அந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அவளுக்கு இப்போது அது தேவையில்லை.

இரண்டாவது பாடி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம், ஆனால் ஒரு வருடம் கழித்து. 5டி மார்க் 3 பேட்டரியோடு 950 கிராம். இரண்டு பாடி, 24-70, 70-200 என்று தொங்கவிட்டால் ஃப்ளாஷ் சேர்க்காமலேயே நான்கு கிலோவுக்கு மேல் போகும். விடியற்காலை நாலு மணியிலிருந்து பிற்பகல் வரை அதைத் தோளில் சுமந்ததன் பலனை நான் இப்போது அனுபவிக்கிறேன். வலது தோளை உயர்த்தினால் வலிக்கிறது, ஒற்றைத் தோளில் இனி எதையும் தொங்கவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எடை இடுப்பில் இறங்கட்டும். ஒரே பாடியில் ஒரு வருடம் வேலை செய்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதை அவள் பார்க்கக் கற்றுக்கொள்வாள். அதற்குள் இரண்டு கேமராவும் வந்துவிட்டால் அந்தக் கண் வளராமலே போய்விடும் என்று அஞ்சுகிறேன்.

இரண்டு பாடி இல்லாமல் போகவே கூடாத இடமும் உண்டு. போன மாதம் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுக்கப் போயிருந்தேன். இருள் பிரியாத வேளையில் தங்கக் குதிரை கூட்டத்தின் தலைகளுக்கு மேல் தெரிந்தபோது 70-200 தேவைப்பட்டது. சிறிது நேரத்தில் வேடமிட்ட பக்தர்கள் தோல் துருத்திகளில் நீரைப் பீய்ச்சிக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தண்ணீர் விழும் இடத்தில் லென்ஸைக் கழற்ற நினைக்கவே முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு பாடியிலும் லென்ஸை மாட்டி, பாலித்தீன் உறை போட்டு, ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டு போனேன். பகல் ஏறி வீட்டுக்கு வந்து, உறையைத் துடைத்த பிறகுதான் எதையும் திறந்தேன். இந்த வருடப் படங்கள் மனத்துக்கு நிறைவாக வந்திருக்கின்றன. உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

ஆனி முகூர்த்தத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலின் மேல் தலையணையைப் போட்டு, அதன் மேலே கேமராவைப் பிடித்தபடி தினமும் இருபது முறை லென்ஸ் மாற்றிப் பழகச் சொல். ஏ.சி. காரிலிருந்து இறங்கிய உடனே மட்டும் பவுச்சைத் திறக்க வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸின் குளிர்ந்த கண்ணாடி உடனே பனித்துவிடும்.

என் பழைய பெல்ட்டையும் மூன்று பவுச்களையும் கூரியரில் இன்று அனுப்பியிருக்கிறேன். நடுப் பவுச்சின் வாய் சற்றுத் தளர்ந்திருக்கிறது, அதில் 70-200-ஐ வைக்க வேண்டாம். இடப்பக்கப் பவுச்சுக்குள் கேனன் பின்மூடி ஒன்று கிடக்கும். அது அவளுடைய லென்ஸ்கள் மூன்றுக்குமே பொருந்தும். முதல் முகூர்த்தம் முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல். எங்கே நின்றாள், எப்போது மாற்றினாள், எதைத் தவறவிட்டாள் என்று எல்லாவற்றையும் எழுதட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்