மைனர் படிவத்தை நீட்டுவதற்கு முன்

தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளின் ஃபேகல்டி அட்வைசர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் எங்கள் வகுப்பில் ஒரு படிவம் சுற்றி வந்தது. மைனர் டிகிரி, அதாவது சொந்தத் துறைக்கு மேல் வேறொரு துறையிலும் கூடுதல் பாடங்கள், எடுக்க விருப்பமா? ஆம், இல்லை. முன் பெஞ்ச் 'ஆம்' போட்டது, பின் பெஞ்சும் போட்டது. நானும் போட்டேன். யோசிக்க ஆன நேரம், பேனா கைமாறிய நேரம்தான்.

மாணவர் சுமையைக் குறைக்கத்தான் 2018-ல் தொழில்நுட்பக் கல்விக்கான தேசியக் கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் பட்டத்தை 160 கிரெடிட்டுக்குக் (வாரம் ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட்) கொண்டுவந்தது. கூடவே, இன்னும் கொஞ்சம் கிரெடிட் எடுத்தால் மைனரோ, சொந்தத் துறையிலேயே கூடுதலாகப் படிக்கும் ஹானர்ஸோ உண்டு என்றது; ஏஐசிடிஇ விதியில் அது 18 முதல் 20 கிரெடிட். வாசலில் இறக்கிய மூட்டையைக் கொல்லைப்புறமாக ஏற்றிக்கொண்டோம்.

18 கிரெடிட் என்றால் ஆறு பேப்பர். ஒரு பேப்பருக்கு வாரம் மூன்று மணி, 15 வாரத்துக்கு 45 மணி. ஆறுக்கும் சேர்த்து 270. இது வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமே. ரெக்கார்டு நோட்டு எழுதுவதற்குக் கிரெடிட் இல்லை. காலை 6.40-க்கு ஏற்றி மாலை ஆறரைக்கு இறக்கிவிடும் காலேஜ் பஸ்ஸுக்கும் இல்லை. ஹாஸ்டலில் இருப்பவனுக்கும் எனக்கும் படிவத்தில் ஒரே கட்டம்தான்.

ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் வகுப்பான என்பிடெல்-இல் முடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். 12 வாரம், மூன்று கிரெடிட், வாராவாரம் அசைன்மென்ட். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விடையை வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கி... அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

அந்த செமஸ்டரில் மைனர் பேப்பர் பாஸ். என் சொந்தத் துறைப் பேப்பரான டிரான்ஸ்மிஷன் லைன்ஸில் அரியர். பிளேஸ்மென்டுக்கு வந்த முதல் கம்பெனி அரியர் இருந்தால் உட்காரக்கூடாது என்றது. மைனரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மைனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வகுப்பிலேயே ஒருத்தி டேட்டா சயின்ஸ் மைனரை ரசித்துப் படித்தாள். அவளுக்கு அது பாரமாகவே இல்லை. படிவத்தை நீட்டும் முன் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் உட்காரவைத்துக் கேளுங்கள்: பஸ்ஸா, ஹாஸ்டலா? அரியர் எத்தனை? சாயங்காலம் வேலைக்குப் போகிறாயா? எடுத்தவன் இரண்டு வாரம் கழித்து முடியவில்லை என்று வந்தால், 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்று சொல்லாமல் விலக விடுங்கள்.

ஜூனியர்களுக்கு ஐந்தாம் செமஸ்டர் ஜூலையில் தொடங்குகிறது. படிவம் அதற்கு முன்பே அச்சாகிவிடும்.

இப்படிக்கு,
இறுதியாண்டு இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மாணவன்