காகிதப்பூவுக்கு ஒரு பாலம், கருங்குரங்குக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வட்டார மேம்பாலம் முழுக்கக் காகிதப்பூ. பூ என்று நாம் நினைப்பது வண்ண இலைதான்; நடுவே நீட்டியிருக்கும் சின்ன வெள்ளைக் குழலே அசல் பூ. தென்னமெரிக்கச் செடியான அதைக் குச்சியாக ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

இந்த மண்ணிலேயே வாழ்ந்துவரும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கை அப்படிப் பெருக்க முடியாது. கறுப்பு உடல், வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளைப் பட்டை. தாய் பொதுவாக ஒரு குட்டிதான் ஈனும். சிங்கப்பூரில் எஞ்சியிருப்பவை 100-க்கும் குறைவு. பையைப் பறிக்கும் குரங்கு இதுவென்று பலர் நினைக்கிறார்கள்; அது நெடுவால் மக்காக். இது மரத்தைவிட்டு இறங்கவே தயங்கும், அதனால் நடுவே ஒரு சாலை வந்தாலே காடு இரண்டாகிவிடும்.

போன மாதம் பேத்தியுடன் தாம்சன் இயற்கைப் பூங்கா பக்கம் போனேன். பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே குரங்குகள் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அரைமணி நேரம் அண்ணாந்து நின்றோம். குரங்கு வரவில்லை, பேத்தியோ நகர மறுத்தாள்.

மற்ற காட்டோரச் சாலைகளிலும் இப்படிப் பாலங்கள் வேண்டும். அப்புறம், அவை தின்னும் நம் காட்டு மரங்களையும் அங்கே நட்டால் நல்லது.

- வாசகர், ஈசூன்