தெரிந்த சொல்தான் காலை வாரும்

அன்புள்ள மகளுக்கு,

"நாலு விடையுமே எனக்குத் தெரிஞ்ச சொல்தான் அப்பா, அப்படியும் தப்பு" என்று நேற்று போனில் சொன்னாயே, அதுவே மனதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தெரியாத சொல்லில் தப்பு விட்டிருந்தால் நீ இவ்வளவு நொந்திருக்க மாட்டாய். அதனால், அமெரிக்கக் கல்லூரியில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு நீ அனுப்பிய ஆங்கில மாதிரித் தாளை நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு இடத்துக்கேற்ற பொருள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மூன்று தப்பு. அம்மாவிடம் இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் என் தவறும் இருக்கிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது தினம் பத்துச் சொல் எழுதிக் கதவில் ஒட்டி, உன்னை ஒப்பிக்க வைத்தவன் நான்தானே. எஸ்.ஏ.டி. தேர்வும் ஒரு காலத்தில் அந்த மாதிரி மனப்பாடத்துக்கு வசதியாகத்தான் இருந்தது. எதிர்ச்சொல் கேள்விகளை 1994-இல் எடுத்தார்கள். 2005-இல் ஒப்புமைக் கேள்விகள் போயின, 2016-இல் தனி வாக்கியத்தை நிரப்பும் கேள்விகளும் போயின. இப்போது கணினியில் எழுதும் தேர்வில் கோடிட்ட இடம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அது 25 முதல் 150 சொற்கள் வரை உள்ள ஒரு பத்திக்குள் உட்கார்ந்திருக்கிறது. சொல் தெரியுமா என்பதோடு அவர்கள் விடுவதில்லை, இந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்றும் கேட்கிறார்கள். நானோ ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே ஒரு பொருளை எழுதி ஒட்டினேன்.

தமிழில் உனக்கு இந்தச் சிக்கலே வராது. 'அவர் மாதக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்' என்றால் வரவு செலவு. 'நண்பர்களுக்குச் செய்ய அவர் கணக்கே பார்க்க மாட்டார்' என்றால் தாராள மனசு. அகராதியைத் திறந்தா இதைப் புரிந்துகொள்கிறாய்? 'நண்பர்களுக்கு' என்பதும் 'மாட்டார்' என்பதும் சேர்ந்து உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகின்றன. ஆங்கிலத்திலும் அதே கை நீண்டுகொண்டுதான் இருக்கிறது. பரீட்சைப் பதற்றத்தில் நாம் அதைத் தட்டிவிட்டு, மனப்பாடம் செய்த பட்டியலுக்கு ஓடுகிறோம்.

நான் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆய்வாளர் தன் மருந்து எல்லோருக்கும் பலிக்கும் என்று முதலில் எழுதுகிறார். இரண்டாவது சோதனைக்குப் பிறகு, இளம் வயதினருக்கு மட்டும்தான் என்று தன் கூற்றை 'குவாலிஃபை' செய்கிறார். எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் 'தகுதி பெறுதல்'தான் நினைவுக்கு வந்தது. விடைகளிலும் அதற்குப் பக்கத்தில் போகிற ஒன்று இருந்தது, டக்கென்று அதை அழுத்திவிட்டேன். 'எல்லோருக்கும்' என்பதையும் 'மட்டும்' என்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருந்தால், கூற்றைச் சுருக்கிக்கொண்டார் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். இப்படிக் கேள்வி எழுதுகிறவருக்கு நாம் எந்தப் பொருளை முதலில் எடுப்போம் என்று நன்றாகவே தெரியும். அதைத்தான் முதல் விடையாகவோ இரண்டாவதாகவோ வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான்: விடைகளைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். (திரையில் கை வைத்தால் அம்மா சிரிக்கிறாள், இருக்கட்டும்.) பத்தியைப் படித்து, அந்த இடத்தில் என் சொந்தச் சொல் ஒன்றைப் போடுகிறேன். தமிழ்ச் சொல்லானாலும் சரி, 'குறைச்சிக்கிட்டார்' மாதிரி கொச்சையானாலும் சரி. அப்புறம், பத்தியில் எந்த வார்த்தை எனக்கு அதைச் சொன்னது என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். விரல் வைக்க இடம் இல்லையென்றால் நான் ஊகிக்கிறேன் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த இடம் ஒரு 'ஆனாலும்' பக்கத்திலோ, முக்காற்புள்ளிக்கு (:) அடுத்தோ இருக்கும். முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் வருவது முன்னால் சொன்னதன் விளக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிடாதே. கடைசியில்தான் கையை எடுத்து விடைகளைப் பார்க்கிறேன்.

இன்னொரு பொறி, திசை சரியாக இருந்து அளவு மிஞ்சிப்போகும் விடை. பத்தியில் ஒருவர் 'தயங்கினார்' என்கிற அளவுக்குத்தான் ஆதாரம் இருக்கும், விடையில் 'வெறுத்தார்' என்று நிற்கும். என் இரண்டாவது தப்பு அது. மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம், அவசரம்.

உண்மையிலேயே தெரியாத சொல் விடைகளில் வந்தால், அதன் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. 'எனர்வேட்' என்பது 'எனர்ஜி'க்கு உறவு மாதிரித் தெரியும், ஆனால் பலத்தை உறிஞ்சிவிடுவது என்று பொருள். தெரிந்த மூன்றும் பொருந்தவில்லை என்று உறுதியாக இருந்தால், தெரியாததைத் துணிந்து போடு. தப்புக்கு மதிப்பெண் கழிப்பதை 2016-இலேயே நிறுத்திவிட்டார்கள், ஒன்றையும் காலியாக விடாதே.

நேரம் போதாது என்றாய். ஆங்கிலத்தில் ஒரு பகுதிக்கு 27 கேள்வி, 32 நிமிடம்; கேள்விக்கு 71 நொடி வருகிறது. இந்தக் கேள்விகள்தான் ஒவ்வொரு பகுதியிலும் முதலில் வரும், பத்தியும் சின்னது. மறைத்து யோசிக்கப் பத்து நொடி கூடுதலாகப் போகும் என்று பயப்படாதே. நாலு விடைக்கும் நடுவில் அலைகிற நேரம் மிச்சமாகிவிடுகிறது, நான் கடிகாரம் வைத்தே பார்த்தேன்.

பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சொல்லே தெரியாவிட்டால் எந்த வித்தையும் உதவாது. ஆனால் இனிமேல் ஒவ்வொரு சொல்லையும் நீ படித்த வாக்கியத்தோடு எழுதி வை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீ தப்பு விட்ட ஐந்து கேள்விகளை அனுப்பி வை. எதை அழுத்தினாய் என்று சொல்லாதே. நானும் போடுகிறேன், யார் எங்கே விரல் வைத்தோம் என்று பார்க்கலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் படிக்க உட்கார வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா