ஏட்டையா கொண்டுவந்த ட்யூப்

எல்லோருக்கும் வணக்கம்.

தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டேன். ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் நன்றியுரை என்று ஒன்று உண்டு. டீன், துறைத்தலைவர், வழிகாட்டி, பெற்றோர், கடவுள் என்று அதன் வரிசை எந்தக் காலத்திலோ தீர்மானமாகிவிட்டது. சீனியர்களுடையதைப் பார்த்து நானும் அப்படியே அடித்துக் கொடுத்தேன். பைண்டிங் முடிந்து கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்தால், வேலையை உண்மையில் செய்துகொடுத்தவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அந்தக் குறைக்குத்தான் இந்த மடல். இதிலும் பேர் போடவில்லை. உங்களில் பாதிப் பேர் அரசு வேலையில் இருப்பவர்கள், மீதிப் பேர் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, எலி பேஸ்ட்டால் வந்த சாவுகள். முதல் ஆறு மாதம் எனக்குத் தலைப்பே நகரவில்லை. காரணம் ஒரு வார்த்தை. போலீஸ் விசாரணை அறிக்கையைத் திறந்தால் 'எலி மருந்து'. கேஸ் ஷீட்டைத் திறந்தால் அதிலும் 'எலி மருந்து'. இந்த ஒரு பேருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷங்கள் ஒளிந்திருக்கின்றன. கேக் மாதிரி வரும் புரோமடையலோன், ரத்தம் உறைவதைக் கெடுக்கும். வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. கருஞ்சாம்பல் நிறப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு, வயிற்றுக்குள் பாஸ்பீன் வாயுவாகி இதயத்தைத் தாக்கும். ட்யூபில் வரும் பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். அது கல்லீரலைக் கரைக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, சாகும் விதம் வேறு. பதிவேட்டில் மட்டும் மூன்றும் ஒன்று. எது எத்தனை பேரைக் கொல்கிறது என்று தெரியாமல் எதைத் தடை செய்யச் சொல்வது?

அதனால் முதல் நன்றி ஏட்டையாவுக்கு. ஒரு நாள் அவர் கொண்டுவந்த கேஸில் "எந்த எலி மருந்துங்க?" என்று கேட்டேன். "எலி மருந்துன்னா எலி மருந்துதாம்மா" என்றார். எரிச்சலில் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டுக் கிளம்பும் நேரத்தில் பைக் வந்து நின்றது. மறுபடியும் அந்த ஊருக்கே போய், வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழியைக் கிளறி, தினத்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நசுங்கிய ட்யூப், பாதி கிழிந்த அட்டைப்பெட்டி, அதில் 'மஞ்சள் பாஸ்பரஸ் 3%' என்று எறும்பு அளவு எழுத்து. அவர் சட்டையில் சேறு காயவில்லை. அன்று முதல் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் ஸ்டேஷனிலிருந்து வரும் ஒவ்வொரு கேஸிலும் டப்பாவோ ட்யூபோ கவரில் போட்டு வரும். பக்கத்து ஸ்டேஷன்காரர்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கவர்கள்தான். அன்று பேசியதற்கு மன்னிப்பும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன் ஏட்டையா.

அப்புறம் மார்ச்சுவரி அண்ணன். புத்தகத்தில் படித்ததையெல்லாம் எனக்குக் கைக்குப் பழக்கியவர் அவர். ரசாயனப் பரிசோதனைக்கு உறுப்பு அனுப்பும் பாட்டிலில், அது கெடாமலிருக்க உப்பை எந்த அளவு வரை கரைக்க வேண்டும் (இனிமேல் கரையாது என்று அடியில் படியும் வரை), வாய் வரை ஏன் நிரப்பக்கூடாது, அரக்கு வைக்கும்போது சீட்டின் ஓரம் எப்படி மடிய வேண்டும், வெறும் உப்புக்கரைசலை ஏன் தனி பாட்டிலில் மாதிரிக்கு அனுப்ப வேண்டும் எல்லாம் அவரிடம் கற்றது. "பாஸ்பரஸ்னு சந்தேகம் வந்தா ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க டாக்டர்" என்று அவர் சொன்னதை (உப்புக்கரைசலுக்குப் பதிலாக ஊற்றும் ஆல்கஹால்தான் ஸ்பிரிட்) அன்றிரவு பாடப்புத்தகத்தில் தேடினேன். அதே வரி இருந்தது.

ஒரு நாள், பேஸ்ட் சாப்பிட்டுச் சீக்கிரமே இறந்துவிட்ட ஒருவரின் பரிசோதனை. வயிற்றைத் திறந்ததும் பூண்டு வாடை. அண்ணன் பேசாமல் போய் ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைத்தார். தட்டில் மங்கலான பச்சை வெளிச்சம், மின்மினி செத்துக்கொண்டிருப்பது போல. பாஸ்பரஸ் இருட்டில் ஒளிரும் என்று எம்.பி.பி.எஸ். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. அவர் லைட்டைப் போட்டுவிட்டு, டீ குடிச்சிட்டு வந்து எழுதலாம் என்று கூட்டிப்போனார்.

தடய அறிவியல் ஆய்வகத்து மேடத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். (சென்னையில் 1849இலேயே ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் தொடங்கிவிட்டார்கள், இந்தியாவிலேயே முதலாவது. அந்த வழியில் வந்த துறை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. இருக்கட்டும், நியாயமான பெருமை.) ஐந்து நாள், ஆறு நாள் சிகிச்சையில் இருந்து இறந்தவர்களின் அறிக்கைகள் 'நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று வந்துகொண்டிருந்தன. நான் பாட்டிலில்தான் தப்பு செய்கிறேன் என்று பயந்து போன் செய்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். நாள் போகப்போக பாஸ்பரஸ் உடம்புக்குள்ளேயே பாஸ்பேட்டாக மாறிவிடும். பாஸ்பேட் நம் எலும்பிலும் ரத்தத்திலும் ஏற்கெனவே இருப்பது. விஷத்திலிருந்து வந்தது எது, உடம்பில் இருந்தது எது என்று யார் பிரித்துச் சொல்வது? "இல்லைன்னு எழுதினா விஷமே சாப்பிடலைன்னு அர்த்தமில்லை டாக்டர், எங்க கைக்கு அது கிடைக்கலைன்னுதான் அர்த்தம்." இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு குடும்பத்தில் 'அப்படியானால் பிள்ளை எப்படிச் செத்தான்?' என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அந்த இடத்தில் கைகொடுத்தது நோய்க்குறியியல் துறை லேப் டெக்னீஷியன் தம்பி வெட்டிக்கொடுத்த கல்லீரல் ஸ்லைடுகள். செல்லெல்லாம் கொழுப்புக் குமிழி, நடுநடுவே அழிந்த திட்டுகள். ஆய்வகம் காணாததைக் கல்லீரல் சொன்னது.

ரெக்கார்ட் ரூம் அக்காவுக்குத் தும்மலோடு நன்றி. அவர் தேடியெடுத்துத் தந்த பழைய கேஸ் ஷீட்களில் ஒன்றுக்குள் வேறொரு ஆஸ்பத்திரியின் துண்டுச்சீட்டு மடித்து வைத்திருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். முதல் நாள் வாந்தி, மறுநாள் வாந்தி நின்றதும் 'நலமாக உள்ளார்' என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த பேஸ்ட்டின் பெரிய ஏமாற்றே இதுதான். இரண்டு மூன்று நாள் ஆள் நன்றாக இருப்பார், சாப்பிடுவார், சிரிப்பார். அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகி மறுபடி தூக்கிக்கொண்டு வரும்போது தாமதமாகியிருக்கும். வேலூர் சி.எம்.சி. கல்லீரல் துறையினர் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையால் சிலரை மீட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதற்கும் ஆள் நேரத்தோடு வந்து சேர வேண்டும். குழந்தை தெரியாமல் வாயில் வைத்தாலும் சரி, பெரியவர் சாப்பிட்டாலும் சரி, நன்றாக இருக்கிறார் என்பதை நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நன்றியுரையில் ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் அங்கே எழுத முடியாத ஒன்று: என் முதல் வரைவில் ஒவ்வொரு சாவுக்கும் குடும்பத் தகராறு, கடன், பரீட்சை என்று காரணம் தேடி எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "சண்டை எல்லா வீட்டிலயும்தான் இருக்கு. பேஸ்ட் எல்லாக் கடையிலயும் எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். இலங்கையைப் படிக்கச் சொன்னார். 1995இல் அங்கே தற்கொலைச் சாவு லட்சத்துக்கு 47. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2005இல் அது பாதியானது. போர், வேலையின்மை, குடி இவற்றுக்கும் அந்தக் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். தீக்குச்சியில் இதே பாஸ்பரஸைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்தியாவில் 1913லேயே சட்டம் வந்துவிட்டது. தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியதால் உலகம் முழுக்கக் கைவிட்ட பொருள். குச்சியில் கூடாது என்றதை ட்யூபில் அடைத்து, அதற்கப்புறமும் எத்தனையோ வருடம் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தோம். தமிழக அரசு இப்போது இதைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடைக்காக எனக்கு முன்னால் வருடக்கணக்கில் கணக்கெடுத்துக் கொடுத்த கல்லீரல் மருத்துவர்களுக்கும் இங்கே ஒரு கும்பிடு.

எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியையும் விடமுடியாது. தடைக்கு அப்புறமும் மீதி ஸ்டாக் அவரிடம் இருந்தது. ஆய்வுக்காக விசாரிக்கப் போனவள் என்று தெரிந்ததும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் பால் வாங்கப் போனபோது பேஸ்ட் தொங்கிய ஆணி காலியாக இருந்தது. "ஏஜென்ட்கிட்ட திருப்பிட்டேன் டாக்டரம்மா, பொறி விக்கிறேன்" என்றார். எலிப்பொறி எண்பது ரூபாய். ஒன்று வாங்கினேன்.

கடைசியாக, போனை எடுத்துப் பேசிய குடும்பங்கள். பிள்ளையோ புருஷனோ போய் மூன்று மாதம்கூட ஆகாத வீட்டுக்கு, முன்பின் தெரியாத ஒருத்தி போன் செய்து கேள்வி கேட்பது சாதாரணக் காரியம் இல்லை. சிலர் திட்டினார்கள். சரிதான், நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன். ஆனால் நிறையப் பேர் பேசினீர்கள். அழைக்கும் முன்பெல்லாம் 104, 14416 என்ற இரண்டு மனநல உதவி எண்களையும் நோட்டின் மேலே எழுதி வைத்துக்கொள்வேன், அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தாங்கவில்லை என்றால் சொல்வதற்கு. அந்த எண்களில் இரவு பகலாகக் காது கொடுப்பவர்களுக்கும் நன்றி. ஒரு அம்மா மட்டும் என்னிடம் திருப்பிக் கேட்டார், "எம் பொண்ணு பேரு அந்தப் புஸ்தகத்துல வருமா?" வராதும்மா, ஒரு நம்பர்தான் வரும் என்றேன். எந்த நம்பர் என்று கேட்டார். விதிப்படி சொல்லக்கூடாது. எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. இன்னொன்றை மார்ச்சுவரி அலுவலகத்தில், பச்சை பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் வாங்க. சாவி அண்ணனிடம் இருக்கிறது.