கோஜிரா கிழடு தட்டிவிட்டதா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளா வேளைக்கு விடச் சொல். கொஞ்சம் தேவலை என்றதும் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடுவார், தெரிந்த கதைதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் எட்டாவது போய்விட்டான். மிருதங்க வகுப்பில் சேர்ந்ததிலிருந்து மேசை, கதவு, என் முதுகு எதையும் விட்டுவைப்பதில்லை. எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு, நம் ஃபிரெஞ்சு மெட்டல் பேண்ட் கோஜிராவுக்கு வருகிறேன். "கோஜிரா கிழடு தட்டிப்போச்சுடா, கத்துறதை விட்டுட்டுப் பாட ஆரம்பிச்சுட்டானுங்க. ஒலிம்பிக்ஸ்ல வேற வாசிச்சு விலைபோயிட்டானுங்க. அவ்வளவுதான் கதை." இத்தனை வருஷ உறவை மூன்று வரியில் முறித்துவிட்டாயே! பாடுகிறார்கள் என்பது உண்மை. கதை முடிந்தது என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதற்கு வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

நாம் முதலில் விழுந்தது 'ஃப்ளையிங் வேல்ஸ்' பாட்டில். 2005-இல் வந்த 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்' ஆல்பம். திமிங்கிலங்களின் குரலும் மெல்லிய கிட்டாரும் வெகுநேரம் போய்க்கொண்டே இருக்கும். "எப்படா ஆரம்பிப்பான்" என்று நீ ஹாஸ்டல் கட்டிலில் புரண்டுகொண்டிருப்பாய். அப்புறம் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு, இறங்கும்போது பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான். ஃபிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பாயோன் பக்கம் ஓந்த்ர் என்கிற சின்ன ஊரில் 1996-இல் காட்ஸில்லா என்ற பெயரோடு தொடங்கி, 2001-இல் அதே பூதத்தின் ஜப்பானியப் பெயருக்கு மாறிய கூட்டம். ஜோ டுப்ளான்டியே பாடி, கிட்டார் வாசிக்கிறார். தம்பி மரியோ டிரம்ஸ். கிறிஸ்டியன் ஆந்த்ரூ இன்னொரு கிட்டார். ஜான் மிஷேல் லபாடி பாஸ். முதல் ஆல்பத்திலிருந்து இன்றுவரை ஒரு ஆள் மாறவில்லை. நம் காலேஜ் பேண்ட் ஒரு செமஸ்டர் தாங்கியதா சொல்?

அந்தப் பழைய பாட்டுகளின் கனம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வேகம் என்று நினைத்தேன், தாழ்ந்த சுருதி என்று நினைத்தேன். அவர்களைவிட வேகமாகவும் தாழ்வாகவும் வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர். போன மாதம் பையன் என் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு தொடையில் தாளம் போட்டான். கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, "அப்பா, இவர் அடிக்கிற இடத்தை விட்டுட்டு அடிக்காத இடத்தை எண்ணினா ஈசியா இருக்கு" என்றான். உண்மைதான். ஜோவின் வலது கை கம்பியை அமுக்கி எங்கே நிறுத்துகிறதோ, மரியோவின் இரண்டு கால்களும் காலால் அடிக்கிற கிக் டிரம்மில் அங்கேயே நிற்கின்றன. அந்த நொடி நேர வெற்றிடத்துக்குப் பிறகு விழுகிற அடிதான் நம்மை நெஞ்சில் குத்தியது.

இப்போது 2016-இன் 'மாக்மா'வுக்கு வா. நீ அந்த ஆல்பத்தோடு தான் பிணக்கு ஆரம்பித்தாய், ஞாபகம் இருக்கிறதா? பத்தே பாட்டு, மொத்தம் சுமார் 44 நிமிடம். முந்தையவற்றில் சில ஒரு மணி நேரத்தைத் தாண்டும். முதல் பாட்டே நிதானமாக நடந்து வருகிறது, ஜோ கத்தாமல் பாடுகிறார். உனக்கு முகம் சுருங்கிவிட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ கட்டி, சில்வர் கார்ட் என்று பெயர் வைத்து, அதில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஜோ, மரியோவின் அம்மா நோய்வாய்ப்பட்டு, 2015-இல் இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பேண்டில். வேலை நின்று, மறுபடி தொடங்கி, பிறகு முடிந்த ஆல்பம் அது.

இதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை. துக்கத்தில் செய்ததெல்லாம் நல்ல இசையாகிவிடாது, அதுவும் எனக்குத் தெரியும். கடைசிக்கு முந்தைய பாட்டு 'லோ லேண்ட்ஸ்', அதை மட்டும் ஒருதரம் ஹெட்போனில் கேள். ஆறு நிமிடம். ஆரம்பத்தில் ஜோவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கருமாதி வீட்டில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற மாதிரி, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற குரல். மரியோ பாதி அடிகளை விட்டுவிடுகிறார். நாம் ரிஃப்புக்குள் கேட்ட அந்த இடைவெளி இங்கே முழுப்பாட்டின் அளவுக்கு விரிந்துவிட்டது. உள்ளே எதுவோ ஏறிக்கொண்டே வருகிறது, நமக்கு அது தெரிகிறது, ஆனால் அவர்கள் அவசரப்படுவதில்லை. கடைசியில் அந்தப் பழைய தொண்டை திறக்கும்போது, எனக்கு 2005-இல் ரிஃப் இறங்கியதைவிடக் கனமாக இருந்தது. எல்லாப் பாட்டிலும் எல்லா வரியையும் கத்துகிற ஆளிடம் அது கிடைக்காது.

அதே ஆல்பத்தில் 'ஸ்ட்ராண்டட்' உனக்கே பிடிக்கும், மறைக்காதே. சுருதியைக் காலால் ஏற்றி இறக்குகிற வேமி பெடலை மிதித்து ஒற்றைச் சுரத்தைக் கிரீச்சென்று மேலே தள்ளுகிற ரிஃப் அது. பழைய கோஜிராவாக இருந்தால் அதைச் சுற்றி இன்னும் நாலு ரிஃப்பை அடுக்கியிருப்பார்கள். இங்கே ஒன்றையே நம்பி முழுப்பாட்டையும் ஓட்டியிருக்கிறார்கள். என்ன தைரியம் பார்.

2021-இன் 'ஃபார்டிட்யூட்' பற்றி நீ சொன்னதில் பாதியோடு எனக்கும் உடன்பாடுதான். 'தி சான்ட்' எனக்கும் இழுவை. கூட்டத்தைக் கூடப் பாட வைக்கவென்றே செய்தது போல இருக்கிறது. மேடையில் எடுபடலாம், சமையலறையில் கேட்க முடியவில்லை. ஆனால் 'அமேசானியா'வை அந்தக் கணக்கில் சேர்க்காதே. ஆரம்பத்தில் "டொய்ங் டொய்ங்" என்று ஒரு ஒலி வருகிறதல்லவா, பையன் அடுத்த அறையிலிருந்து "யாருப்பா மோர்சிங்?" என்று ஓடி வந்தான். காடு எரிவதைப் பற்றிய பாட்டு. வெறும் கோஷத்தோடு நிற்கவில்லை. பெரிய மெட்டல் கலைஞர்களிடம் இசைக்கருவிகளை வாங்கி ஏலம் விட்டு, பிரேசிலின் பழங்குடி மக்கள் கூட்டமைப்புக்குப் பணம் திரட்டினார்கள். திமிங்கிலத்தைப் பற்றிப் பாடிய காலத்திலிருந்தே அவர்கள் இப்படித்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒலிம்பிக்ஸ் விஷயம். 2024 ஜூலை 26, பாரிஸ், சேன் நதிக்கரையில் கோன்சியெர்ஜெரி கட்டடம். தலை வெட்டப்படுவதற்கு முன் மரி அந்துவானெத் ராணி சிறை இருந்த அதே இடம். ஜன்னல்களில் தலையில்லாத ராணிகள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, சுவரில் ஒட்டிக்கொண்ட மாதிரி மேடைகளில் இவர்கள் நாலு பேர், ஆப்பரா பாடகி மரினா வியோத்தி, ஃபிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டு. ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ஒரு மெட்டல் பேண்ட் வாசித்தது அதுதான் முதல் தடவை. மறு வருஷம் பிப்ரவரியில் அதே பாட்டுக்கு கிராமியும் வந்தது. பாட்டாக மட்டும் பார்த்தால் அது அவர்களுடைய நல்ல பத்தில் வராது. ஆனால் "விலைபோய்விட்டார்கள்" என்கிறாயே, டிவி முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த உலகத்துக்கு அந்த டபுள் கிக்கைக் கொஞ்சமும் தணிக்காமல் போட்டார்கள். விலைபோகிறவன் முதலில் சத்தத்தைத்தான் குறைப்பான். எங்க வீட்டில் மாமியார் ரிமோட்டைத் தேடினார், நான் ஒளித்து வைத்திருந்தேன்.

2025 ஜூலையில் பர்மிங்காமில் பிளாக் சபத் பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசிக் கச்சேரியிலும் வாசித்தார்கள். பிளாக் சபத்தின் பாட்டு 'அண்டர் த சன்' ஒன்றும் போட்டார்கள். யூடியூபில் இருக்கும், தேடிப் பார். அதற்கும் ஏதாவது குறை சொல்லி எழுது, படிக்கிறேன்.

இன்னொன்று. பாஸ் கிட்டாரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, வெளியாள் யாரிடமும் பேசாதே. கம்பி துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, விலையைச் சொல். பொங்கல் லீவில் பையனையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர்ட் மாஜிஸ்ட்ரேட்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி