ரஷ்யாவை எங்கள் பக்கம் தள்ளிவிடாதீர்கள்

ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை உறுப்பினர்களுக்கு,
ஸ்ட்ராஸ்பூர்க்.

வணக்கம்.

2022 மார்ச் 16 அன்று ரஷ்யாவை, மனித உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து அமைத்த உங்கள் கவுன்சில் வெளியேற்றியது. உக்ரைனுக்குள் படை புகுந்து மூன்று வாரம் முடிந்திருக்கவில்லை. அந்த முடிவில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பக்கத்து வீட்டுக்குள் பீரங்கியோடு புகுந்தவனைப் பந்தியில் உட்கார வைக்க முடியாது. எனக்கு உறுத்துவது, அதற்குப் பிறகு உங்கள் கண்டத்தில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு: ரஷ்யர்கள் எந்தக் காலத்திலும் ஐரோப்பியர்களாக இருந்ததில்லையாம், உள்ளுக்குள் அவர்கள் ஆசியர்களாம்.

உக்ரைனின் கார்கிவ் நகரில் குண்டு விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் இதைச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மண்டபத்தில் உட்கார்ந்து சொல்பவர்களோடுதான் என் வழக்கு.

நான் ஆசியாவில் இருப்பவன். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, சல்லிசான விலைக்கு எங்கள் ஊர்ப் புத்தகக் கண்காட்சிக்கு வந்த கதைகளில் ரஷ்யாவைத் தெரிந்துகொண்ட தலைமுறை. அந்தக் கதைமாந்தர்கள் விருந்தில் பிரெஞ்சு பேசினார்கள், ஜெர்மன் ஊற்றுக்குளியல் நகரங்களில் சூதாடிக் கடன்பட்டார்கள். அவர்களுக்காக அழுதிருக்கிறோம். அவர்கள் ஆசியர்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இப்போது அவர்கள் நடத்துகிற போரின் கொடுமையைச் சொல்ல உங்களுக்கு எங்கள் கண்டத்தின் பெயர் தேவைப்படுகிறதா? 1914இல் போர் மூண்டது எங்கே? ஆஷ்விட்ஸ் எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

'ரஷ்யனைச் சுரண்டிப் பார், உள்ளே தாத்தாரியன் தெரிவான்' என்று பிரெஞ்சில் ஒரு பழைய சொலவடை உண்டு. தாத்தாரியர் என்பது துருக்கிய மொழி பேசும் ஓர் இனம். அவர்களின் கசான் நகரம் வோல்கா கரையில், உங்கள் வரைபடத்துக்குள்தான் இருக்கிறது. 1552இல் ரஷ்ய ஜார் மன்னர் இவான் அதைப் போரிட்டுப் பிடித்தார். இன்னும் தெற்கே, மங்கோலிய வழி வந்த கல்மிக் மக்களின் கல்மிக்கியா. பௌத்தக் கோயில்களோடு அதுவும் ஐரோப்பாவுக்குள்தான் வருகிறது. 1943 டிசம்பரில் ஸ்டாலின் அரசு கல்மிக் மக்கள் அத்தனை பேரையும் ரயிலேற்றிச் சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. ஏற்றியவர்களையும் ஏற்றப்பட்டவர்களையும் உங்கள் சொலவடையால் வகை பிரித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

உண்மையில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற எல்லைக்கோடே ரஷ்யர்களின் ஆசையில் பிறந்தது. பழைய கிரேக்கர்களுக்கு ஐரோப்பா டான் ஆற்றோடு முடிந்தது. அதை யூரல் மலைவரை நகர்த்தியவர்கள் 18ஆம் நூற்றாண்டில் இரண்டு பேர்: ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் அதிகாரியாக இருந்த தத்தீஷெவ்; ஸ்வீடன் ரஷ்யாவிடம் தோற்ற பொல்தாவா போருக்குப் பின் ரஷ்யாவில் கைதியாகக் கிடந்த ஸ்வீடன் அதிகாரி ஸ்ட்ராலன்பெர்க். பீட்டர் தாடிக்கு வரி போட்டு மக்களை ஐரோப்பியர் ஆக்கப் பார்த்தார். 1767இல் பேரரசி இரண்டாம் கேத்தரின், சட்டம் இயற்றும் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் 'ரஷ்யா ஓர் ஐரோப்பிய அரசு' என்று எழுதியே வைத்தார். பிரான்ஸுக்கு அப்படி ஒரு வாக்கியம் தேவைப்படவில்லை. 1836இல் ரஷ்யச் சிந்தனையாளர் சாதாயெவ், நாம் மேற்குமில்லை கிழக்குமில்லை என்று எழுதியது அச்சில் வந்தபோது, ஜார் நிக்கலாய் அவரைப் பைத்தியம் என்று அறிவித்தார். (அந்தக் கடிதத்தையும் அவர் பிரெஞ்சில்தான் எழுதியிருந்தார்.)

எனக்கு மறக்கவே முடியாத வரி தஸ்தயேவ்ஸ்கியுடையது. 1881 ஜனவரி, மத்திய ஆசியாவில் கியோக் தெப்பே கோட்டையை ரஷ்யப் படை பிடித்த நேரம். 'ஐரோப்பாவில் நாம் அண்டிப் பிழைப்பவர்கள், அடிமைகள். ஆசியாவுக்கோ எஜமானர்களாகப் போவோம். ஐரோப்பாவில் நாம் தாத்தாரியர். ஆசியாவில் நாமும் ஐரோப்பியர்' என்று எழுதினார். எவ்வளவு பெரிய எழுத்தாளர், எவ்வளவு சின்ன ஆசை. ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அவருக்கு 'ஐரோப்பியன்' என்பது மேலே இருப்பவனின் பெயர். அதை அவர் உங்களிடமிருந்துதான் கற்றார். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டையும் சென்னையில் ஆங்கிலேயர் கோட்டையும் இன்னும் நிற்கிற ஊர்க்காரர்களிடம் அந்தச் சொல்லை நற்சான்றிதழாக நீட்டினால் எங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

கிரெம்ளின் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2000இல் பிபிசி பேட்டியில் புதின், ரஷ்யா ஐரோப்பியப் பண்பாட்டின் ஒரு பகுதி என்றார். 2001இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஜெர்மன் மொழியிலேயே பேசிக் கைதட்டல் வாங்கினார். அதே மனிதர் 2023இல் ஒப்புதல் தந்த வெளியுறவுக் கொள்கையில் ரஷ்யா தனித்த 'நாகரிக அரசு', யூரேசிய வல்லரசு. ரத்தமும் மண்ணும் இந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் மாறிவிடவில்லை. நாங்கள் வேறு இனம், உங்கள் மனித உரிமை எங்களுக்குப் பொருந்தாது என்பதுதான் இப்போது அவருக்கு வசதி. நீங்களும் 'ஆமாம், அவர்கள் வேறுதான்' என்றால், முதலில் தலையாட்டுபவர் அவர்தான்.

இத்தனைக்கும் உங்கள் கவுன்சில் ரத்தம் பார்த்து ஆள் சேர்த்ததில்லை. 2001இல் ஆர்மீனியாவையும் அஜர்பைஜானையும் சேர்த்துக்கொண்டது. துருக்கியின் பெரும்பகுதி ஆசிய நிலம். அதுவும் உறுப்பு நாடு. உங்களுடையது நடத்தை பார்க்கிற வீடு. 1967இல் கிரீஸில் ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள், சிறைகளில் சித்திரவதை நடந்தது. வெளியேற்றப்படும் நிலை வந்ததும் 1969 டிசம்பரில் கிரீஸ் தானே விலகியது. ராணுவ ஆட்சி விழுந்த பின் 1974இல் திரும்பி வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் கிரேக்கர்களின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாராவது சுரண்டிப் பார்த்தார்களா?

ரஷ்யாவுக்கும் அதே அளவுகோலை வையுங்கள். போர் நடக்கும்வரை கதவு சாத்தியே இருக்கட்டும். ஆனால் சாத்தியதற்கான காரணமாகச் செய்த குற்றத்தை எழுதுங்கள், பிறப்பை எழுதாதீர்கள்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. உள்ளூர் நீதிமன்றத்தில் தோற்ற ரஷ்யர்களிடம் 'ஸ்ட்ராஸ்பூர்க் வரை போவேன்' என்று ஒரு பேச்சு இருந்தது. ரஷ்யாவின் செச்னியாவில் நடந்த போரில் காணாமல்போன மகன்களின் தாய்மார்கள் அப்படித்தான் உங்கள் ஊரில் இருக்கிற மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். ஐரோப்பா என்ற சொல்லுக்கு அவர்களிடம் இருந்த பொருள் ஒரு தபால் முகவரி. பீட்டரும் கேத்தரினும் கொடுத்ததைவிட நல்ல பொருள் என்பேன். 2022 செப்டம்பர் 16 வரை நடந்தவற்றுக்கு அந்த நீதிமன்றம் இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியும். மாஸ்கோ அந்தத் தீர்ப்புகளை மதிப்பதில்லை, இழப்பீடு தருவதும் இல்லை. அதைக் காரணம் காட்டி அந்தக் கோப்புகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். மனுப் போட்டவர்களில் பலர் இன்னும் ரஷ்யாவுக்குள்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஆசியாக்காரன் ஒருவன்,
மதுரை.