அம்மாவோட எலும்பு ஸ்கேன்

அடியே, எப்படி இருக்க? உன் லெட்டர் வந்து நாலு நாளாச்சு, டூட்டி முடிஞ்சு வந்து படுத்தா அவ்வளவுதான், அதான் லேட்டு. அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காங்க, ஊசிலயே ரேடியேஷன் ஏத்துவாங்களாமேன்னு பதறிப்போய் எழுதியிருந்த. பதறாதடி, நான் தெனமும் போடுற ஊசிதான் அது.

காலைல போனதும் எனக்கு முதல் வேலையே ஜெனரேட்டர்ல (கரண்ட் ஜெனரேட்டர் இல்லடி, ஊசிக்கு வேண்டிய கதிரியக்கப் பொருள் குடுக்குற ஈயப் பெட்டி) பால் கறக்குற மாதிரி கறக்குறதுதான், உலகம் பூரா அதுக்கு மில்க்கிங்னுதான் பேரு. ஈயத்துக்குள்ள மாலிப்டினம்-99ங்கிற கதிரியக்க உலோகம் உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா டெக்னீசியமா, அதான் ஊசில போற கதிரியக்கப் பொருளா, மாறிக்கிட்டே இருக்கும், காத்தில்லாத குப்பிய மேல சொருகினா உப்புத்தண்ணி அத அலசி எடுத்துக்கிட்டு வந்து சளசளன்னு விழும், பாக்க வெறும் தண்ணிதான். அதோட கதிரியக்கம் 6 மணி நேரத்துல பாதி காலி, ஒரு நாள் போனா பதினாறுல ஒரு பங்குதான் மிச்சம், யூரின்ல போறது தனி. அதனால ஊசி போட்டதும் அம்மாவ நல்லா தண்ணி குடிக்கச் சொல்லு, அடிக்கடி பாத்ரூம் போகச் சொல்லு. 3 மணி நேரம் உக்கார வைப்பாங்க, மருந்து எலும்புல போய் ஒட்டணும்ல. எங்க எலும்பு புதுசா வேலை செய்யுதோ அங்க கறுப்பா தெரியும், பழைய அடி, மூட்டுத் தேய்மானம்கூட அப்படித்தான் தெரியும், அதனால கறுப்பா ஒண்ணு பாத்தவுடனே கேன்சர்னு அழுதுடாத.

இப்ப என் மனசு பூரா லுட்டீசியம்-177ங்கிற கதிரியக்க மருந்துலதான் இருக்கு. ப்ராஸ்டேட் கேன்சர் செல் மேல பிஎஸ்எம்ஏன்னு ஒரு புரதம் நிறைய இருக்கும், அதத் தேடிப் போய் ஒட்டுற மருந்துல காலியம்னு ஒரு கதிரியக்கப் பொருளக் கட்டி அனுப்பி முதல்ல, அது எங்க ஒட்டியிருக்குன்னு காட்டுற பெட் (PET) ஸ்கேன் எடுப்போம், நல்லா ஒளிருச்சுன்னாதான் அதே மாதிரி மருந்துல லுட்டீசியத்தக் கட்டிக் குடுப்போம், அதோட கதிர் உடம்புக்குள்ள ரெண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளயே அடங்கிடும். அமெரிக்காவுல 2022லதான் அனுமதி குடுத்தாங்க. எல்லாருக்கும் கேக்காது, சிலருக்கு கொஞ்ச நாள்தான் தாங்கும். ஆனா வலில படுக்கவே முடியாம வந்த ஒருத்தர் ரெண்டாவது டோஸுக்கு தானே நடந்து வந்தாருடி, பழைய ஸ்கேனையும் புது ஸ்கேனையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

இதுக்கெல்லாம் ஆரம்பம் ஒரு கேள்விதான், தெரியுமா? 1936ல சால் ஹெர்ட்ஸ்னு ஒரு டாக்டர், அயோடினுக்கு செயற்கையா கதிரியக்கம் குடுக்க முடியுமான்னு ஒரு கூட்டத்துல கேட்டாரு. 1941ல அவரே தைராய்டு நோயாளிக்கு அத குடுத்துப் பாத்தாரு. இன்னைக்கும் எங்க வார்டுல ரேடியோ அயோடின் குடுத்துக்கிட்டுதான் இருக்கோம்.

என் கோவம் எல்லாம் சப்ளை மேலதான். மாலிப்டினம் வர்றது உலகத்துல விரல் விட்டு எண்ணுற அணு ரியாக்டர்கள்ல இருந்து, 2009ல கனடாவுல ஒண்ணு நின்னதுக்கு உலகம் பூரா ஸ்கேன் தள்ளிப்போச்சு. இத ஸ்டாக் பண்ணியும் வைக்க முடியாது, வச்சா கரைஞ்சிடும். போன மாசம் எங்களுக்கும் சரக்கு ஒரு நாள் லேட்டு, வெறும் வயித்தோட வந்து உக்காந்திருந்தவங்களத் திருப்பி அனுப்புனது நான்தான், அந்த மொகங்க இன்னும் மறக்கல.

அம்மாவுக்கு ஸ்கேன் என்னைக்குன்னு எழுது. அன்னைக்கு மட்டும் உன் சின்னவள அவங்க மடில உக்கார விடாத. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டு அன்னைக்கே கூப்பிடுறேன்.